கிட் மாற்றியும் அடங்காத கார்புரேட்டர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல், காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் பற்றித்தான் இருந்தது. பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே தொல்லை, மாற்றுப் பாகங்கள் அடங்கிய பொட்டலத்தைக் காட்டி எல்லோருக்கும் மெக்கானிக் சொல்வதும் ஒரே பதில்: “கிட் மாத்திடலாம்.” அதனால் டயர், பேட்டரி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்களிடம் 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது, 1098 சிசி. அப்பா ஆசையாக வாங்கிய கார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடியது. இப்போது ஐட்லிங் ஒரு நிலையில் நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது. சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடுகிறது. பிளக் நான்கும் கரி பிடித்து வருகின்றன. இரண்டு கராஜில் காட்டி இரண்டு தடவை காபரேற்றர் கிட் மாற்றியாயிற்று. மண்ணெண்ணெய் விட்டதால்தான் பழுதாகிவிட்டது, இதைக் கழற்றிவிட்டு ஜப்பான் கார் ஒன்றின் காபரேற்றரைப் பூட்டலாம் என்கிறார் ஒருவர். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில் ஒன்று: அதைக் கழற்றி எறிய விடாதீர்கள். உங்கள் காரில் இருப்பது எஸ்.யூ. கம்பெனியின் எச்.எஸ்.2 கார்புரேட்டர், ஒன்றேகால் இஞ்ச் வாய். அதன் வார்ப்பு உடைந்து போயிருந்தால் தவிர, தேய்ந்த எந்தப் பாகத்தையும் மீட்டு எடுத்துவிடலாம்.

மண்ணெண்ணெய் மேல் பழி போடுவதும் சரியில்லை. சில துளி பெட்ரோலை உள்ளே விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்த வருடங்களைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மண்ணெண்ணெய் கரியை ஏற்றும், ஆயிலில் இறங்கி அதை நீர்க்கவைக்கும், கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி படிய வைக்கும். அது எல்லாம் கழுவினால் போகிற சமாச்சாரம். உங்கள் வண்டியில் தேய்ந்திருப்பது வேறு இடம் என்று கடிதத்தை வைத்தே என்னால் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நீங்கள் எழுதிய இரண்டு குறிகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, ஏறி இறங்கி நின்றுபோவது பெட்ரோல் போதாத குணம். பிளக் கறுப்பது பெட்ரோல் அதிகமான குணம். ஒரே வண்டியில் இரண்டும் எப்படி வரும்?

வரும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பட்டர்பிளையை (காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகட்டை) திருப்புகிற ஸ்பிண்டில் ஒன்று கார்புரேட்டரின் குறுக்கே ஓடுகிறது பாருங்கள், கால் இஞ்ச் கம்பி, அதுதான் குற்றவாளி. அறுபது வருடமாக ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் அது திரும்பியிருக்கிறது, ரிட்டர்ன் ஸ்பிரிங் அதை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது, ரோட்டுத் தூசி எமரி போல வேலை செய்கிறது. கம்பியும் தேயும், கம்பி உட்கார்ந்திருக்கும் துளையும் முட்டை வடிவமாகிவிடும். ஐட்லிங்கில் பட்டர்பிளை கிட்டத்தட்ட மூடியிருப்பதால் அதற்குப் பின்னால் எஞ்சினின் உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும். அந்தத் தேய்ந்த துளை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் வெளிவரும் துளையான ஜெட்டைத் தாண்டி வராத காற்று என்பதால் அதோடு பெட்ரோல் வராது. கலவை மெலிந்துபோய் ஐட்லிங் தள்ளாடும்.

இதைப் பார்த்த மெக்கானிக் என்ன செய்வார்? ஜெட்டை இரண்டு மூன்று திருகு கீழே இறக்கி பெட்ரோலைக் கூட்டுவார். ஐட்லிங் கொஞ்சம் அடங்கும். ஆனால் ரோட்டில் ஓடும்போது பட்டர்பிளை திறந்திருக்கும், எஞ்சினுக்குள் போகிற மொத்தக் காற்றில் அந்த ஒழுகல் மிகச் சொற்பம், அப்போது கூட்டி வைத்த பெட்ரோல் முழுவதும் அதிகப்படி. பிளக் கறுக்கும், மைலேஜ் இறங்கும். பேக்கிங்கும், ஃப்ளோட் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வும் மட்டும் உள்ள கிட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, அந்தக் கிட்டில் ஸ்பிண்டிலே கிடையாது.

வண்டியைத் திறப்பதற்கு முன்பு இதை நீங்களே சோதித்துவிடலாம். எஞ்சின் நிற்கும்போது ஸ்பிண்டிலின் இரண்டு முனைகளையும் விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். சுழல வேண்டுமே தவிர ஆடக்கூடாது. ஆட்டம் கையிலேயே தெரிந்தால் அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் எஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, ஆயில் கேனால் எஞ்சின் ஆயில் இரண்டு சொட்டு ஸ்பிண்டில் முனையில் விடுங்கள். ஆயில் அந்த இடுக்கைச் சற்று நேரம் அடைக்கும், ஐட்லிங் மாறினால் அங்கேதான் காற்று எடுக்கிறது. சிலர் இதற்குப் பெட்ரோலையோ ஸ்ப்ரேயையோ அடிப்பார்கள். மைனர் எஞ்சினில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்கு அடியிலேயே கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது.

இன்னொன்று, வால்வு கிளியரன்ஸ் 12 தௌ (ஒரு தௌ என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் இடைவெளி 15 தௌ, இக்னிஷன் டைமிங், இந்த மூன்றையும் சரிபார்க்காமல் கார்புரேட்டரில் கை வைக்கக்கூடாது. பாயிண்ட் கருகியிருந்தால் வருகிற மிஸ்ஸிங்கும் கார்புரேட்டர் கோளாறு போலவே இருக்கும்.

சரி, ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி கழற்றலாம். மேலே மணி கவிழ்த்த மாதிரி இருக்கும் சேம்பரையும் அதனுள் இருக்கும் பிஸ்டனையும் எடுக்கும் முன் சேம்பருக்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு கோடு கிழித்து அடையாளம் வையுங்கள். அப்புறம் இந்த இரண்டின் மேலும் எமரி பேப்பர் படவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலாக ஒரு எஸ்.யூ. கார்புரேட்டரை ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கியபோது சேம்பரின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளத்தது, பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வண்டியில் பிக்கப்பே இல்லை. எங்கெங்கோ தேடிக் கடைசியில்தான் புரிந்தது: எமரி போட்டுத் தேய்த்ததில் பிஸ்டனுக்கும் சேம்பருக்கும் இடையிலான இடைவெளி கூடிப்போய், பிஸ்டன் ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறவில்லை. புது ஜோடி வாங்கித்தான் சரிசெய்தேன்.

இந்த கார்புரேட்டரின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன், இங்கிலாந்தில் காலணி வியாபாரம் செய்த குடும்பத்துச் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. காற்றின் அளவுக்கேற்ப ஏறி இறங்க முதலில் அவர்கள் வைத்தது தோல் துருத்தி. பிறகு அந்தத் துருத்தியின் இடத்துக்கு உலோகப் பிஸ்டன் வந்தது. பிஸ்டன் சேம்பர் சுவரைத் தொடாமல் ஏறி இறங்க வேண்டும், நடுவில் உள்ள தண்டு மட்டுமே உராய வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: பிஸ்டனின் அடியில் உள்ள துளைகளை அடைத்து, மேலே டேம்பரையும் (மேல்மூடியோடு சேர்ந்து, பிஸ்டன் தண்டின் ஆயிலுக்குள் இறங்கும் கம்பி) மாட்டி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சேம்பரைத் தன் எடையில் இறங்க விடுங்கள். ஒன்றேகால் இஞ்ச் கார்புரேட்டரில் 3 முதல் 5 விநாடிக்குள் இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் இடைவெளி அதிகம், பாதியில் நின்றால் அழுக்கு அல்லது நசுங்கல். பிஸ்டனும் சேம்பரும் ஜோடியாகவே பொருத்தி வந்தவை, ஒன்றை மட்டும் இன்னொரு கார்புரேட்டரிலிருந்து எடுத்துப் போடுவது வீண் வேலை.

அடுத்து ஸ்பிண்டில். பட்டர்பிளையை இரண்டு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும், அதன் நுனி பிளந்து விரித்திருக்கும். கழன்று எஞ்சினுக்குள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. அந்த விரிப்பை முதலில் நெருக்கிவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் ஸ்பிண்டிலின் மரையைக் கிழித்துக்கொண்டு வரும். பட்டர்பிளை எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் வெளியே என்று குறித்துக்கொள்ளுங்கள், அதன் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், திருப்பிப் போட்டால் மூடாது. இப்போது புது ஸ்பிண்டில் ஒன்றைத் துளையில் விட்டுப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஸ்பிண்டிலை மாற்றினால் போதும். புது ஸ்பிண்டிலும் ஆடினால் துளையும் தேய்ந்திருக்கிறது. அதற்கு இரண்டு வழி: துளையை ரீமர் (துளையைத் துல்லியமாகக் கடையும் கருவி) விட்டுப் பெரிதாக்கி 10 தௌ தடிமன் கூடிய ஓவர்சைஸ் ஸ்பிண்டில் போடலாம், அல்லது இருபுறமும் வெண்கல புஷ் (துளைக்குள் பொருத்தும் குழல்) அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அடுத்த தேய்மானத்துக்கு புஷ்ஷை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எப்படிச் செய்தாலும் இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கையில் டிரில் மெஷினைப் பிடித்து இதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் கார்புரேட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மில்லிங் மெஷினில் உடலை இறுகப் பிடித்து, ஒருமுறை பிடித்த பிடியிலேயே இரண்டு பக்கமும் ரீமர் ஓட வேண்டும். நல்ல லேத் பட்டறைக்கு அரை நாள் வேலை.

பட்டர்பிளையைத் திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவைத் தளர்வாக விட்டு, நாலைந்து முறை படக்கென்று மூடி விடுங்கள், அது தானாகவே மையம் தேடி உட்காரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சுற்றிலும் மயிரிழை வெளிச்சம் ஒரே சீராகத் தெரிய வேண்டும். அப்புறம்தான் இறுக்க வேண்டும், நுனியை விரிக்க வேண்டும். ஸ்க்ரூ எப்போதும் புதிது. பழையதை மறுபடி விரித்தால் ஒரு நாள் நுனி முறியும், முறிந்தது போகும் இடம் எஞ்சின்.

இனி பிஸ்டனின் அடியில் தொங்கி ஜெட்டுக்குள் இறங்கும் நீடிலும், அந்த ஜெட்டும். (நீடில் வால்வு வேறு, இது வேறு.) உங்கள் எஞ்சினுக்கு உரிய நீடில் ‘ஏஎன்’, அதன் தண்டில் எழுத்து வெட்டியிருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு கராஜ் கைமாறிய பிறகு அதே நீடில் இருக்கிறதா என்பதையே முதலில் உறுதிப்படுத்த வேண்டும். நீடிலின் ஒரு பக்கம் மட்டும் மினுமினுத்தால் அது ஜெட்டில் உரசியிருக்கிறது, ஜெட்டும் நீள்வட்டமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஜெட்டின் துளை 90 தௌ, நீடிலின் தடிமன் மாறுவதும் தௌ கணக்கில்தான், அதனால் கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே கலவையைக் கெடுத்துவிடும். நீடிலின் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்கும்படி மாட்டுங்கள். பிஸ்டனுக்கு மேல் உள்ள ஸ்பிரிங்கின் நுனியில் சிவப்பு வர்ணம் இருக்கும். அதை இழுத்து நீட்டிவிட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஜெட்டை மையப்படுத்துவதுதான் பொறுமை கேட்கிற வேலை. உங்கள் மாடலில் நீடில் பிஸ்டனில் பக்கவாட்டில் அசையாமல் இறுகி நிற்பது, அதனால் ஜெட்தான் நீடிலைச் சுற்றி நடுவில் உட்கார வேண்டும். ஜெட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, ஜெட்டை முழுவதும் மேலே தள்ளி, பிஸ்டனை மெல்ல அழுத்திக் கீழே உட்காரவைத்து நட்டை இறுக்குங்கள். டேம்பரை வெளியே எடுத்துவிட்டுப் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் ‘டக்’ என்று சத்தமாக விழ வேண்டும். ஜெட் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் அதே ‘டக்’. கீழே இருக்கும்போது மட்டும் சத்தம் கூர்மையாகக் கேட்டால் இன்னும் மையம் வரவில்லை, மறுபடி. நான் ஆறேழு முறை கூடச் செய்திருக்கிறேன்.

எல்லாம் பூட்டிய பிறகு ஜெட்டைப் பிஸ்டன் உட்காரும் தளத்தோடு சமமாக ஏற்றி, அங்கிருந்து சரிசெய்யும் நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள், அதாவது, நட்டுக்கு ஆறு பட்டை (பக்கம்) என்பதால், 12 பட்டை. அங்கே ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பின்னை விரலால் தூக்கிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். ஆர்.பி.எம். ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பட்டை ஏற்றுங்கள். உடனே அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு, ஒரு பட்டை இறக்குங்கள். லேசாக ஏறித் தழைந்து சீராக ஓடினால் அதுதான் சரியான இடம். மைனரில் பெட்ரோல் பம்பும் எஸ்.யூ. எலெக்ட்ரிக் பம்ப்தான், இக்னிஷனைப் போட்டதும் டிக் டிக் என்று அடித்து ஃப்ளோட் கிண்ணம் நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் நீடில் வால்வு பிடிக்கவில்லை அல்லது எங்கோ ஒழுகுகிறது, ஸ்டார்ட் செய்யாமல் முதலில் அதைப் பாருங்கள்.

பாகங்களுக்குக் கவலையே வேண்டாம். மைனர் தயாரிப்பு 1971இல் நின்றுவிட்டாலும் எஸ்.யூ. பாகங்களை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் இன்றும் புதிதாகச் செய்கிறது. ஸ்பிண்டில், பட்டர்பிளை, ஸ்க்ரூ, நீடில், ஜெட் எல்லாம் சேர்ந்த ‘ரீபில்ட் கிட்’ என்று கேளுங்கள். வெறும் ‘சர்வீஸ் கிட்’ என்று கேட்டால் மறுபடி பேக்கிங்தான் வரும். உங்கள் நாட்டிலேயே மைனருக்கான பாடி பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள், அந்த வண்டிக்கு அங்கே கைதேர்ந்தவர்கள் இன்னும் இருப்பார்கள், தேடுங்கள்.

கேள்வி: எங்கள் பிரீமியர் பத்மினியில் மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒழுங்காகப் போகிறது. சட்டென்று அழுத்தினால் ஒரு கணம் மூச்சடைத்த மாதிரி நின்று பிறகு இழுக்கிறது. மெக்கானிக் ஜெட்டையெல்லாம் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார். அதற்கப்புறம் மைலேஜும் போய்விட்டது.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கம்பி விட்டதுதான் மைலேஜைத் தின்றது. பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டர் எஸ்.யூ. மாதிரி இல்லை. இதில் நீடில் ஏறி இறங்காது, துளை அளவு மாறாத பித்தளை ஜெட்கள்தான் கணக்கு. ஜெட்டின் தலையில் உள்ள எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். பித்தளை மெத்தென்ற உலோகம், இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தால் 120 எழுதிய ஜெட் 125 போல நடந்துகொள்ளும், எண்ணைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து ஏர் அடித்தால் போதும். அப்படியும் போகாத அடைப்புக்கு நைலான் நூல். இப்போது மெயின் ஜெட்டையும் (ஓட்டத்துக்கு) பைலட் ஜெட்டையும் (ஐட்லிங்குக்கு) புதிதாக வாங்கிவிடுங்கள், சென்னை வந்தால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம், பழைய எண்ணை எழுதி எடுத்துப் போங்கள்.

சட்டென்று அழுத்தும்போது மூச்சடைப்பது ஆக்சிலரேஷன் பம்ப்பின் வேலை குறைந்ததால். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினை அணைத்து வைத்து, மேலே இருந்து பார்த்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். உள்ளே ஒரு சின்னக் குழாயிலிருந்து பெட்ரோல் நூல் போலப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ வரவே இல்லையென்றாலோ பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது விறைத்திருக்கும். விலை அதிகமில்லாத பொருள்.

கழற்றும்போது இன்னொன்றும் பாருங்கள். கார்புரேட்டரின் அடித் தட்டை, மேனிஃபோல்டில் உட்காருகிற பரப்பை, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். நட்டை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி இரண்டு காதும் வளைந்து நடுவில் ஆடும். அதன் வழியாகவும் காற்று எடுக்கும். பேக்கிங் மேல் பேக்கிங் வைத்து அதை அடைக்கப் பார்ப்பார்கள், அடையாது. கண்ணாடி மேல் நைஸ் எமரி பேப்பரை ஒட்டி, எட்டு போடுவது போலத் தட்டைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். (மேலே சேம்பரில் எமரி படக்கூடாது என்றேன், இங்கே வேண்டும் என்கிறேன். அது பிஸ்டன் ஓடும் இடம், இது வெறும் உட்காரும் பரப்பு.)

கேள்வி: எஸ்.யூ. கார்புரேட்டரின் மேல்மூடியில் எந்த ஆயில் விடுவது? ஒருவர் தையல் மெஷின் ஆயில் என்கிறார், இன்னொருவர் ஒன்றுமே வேண்டாம் என்கிறார்.
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: எஞ்சின் ஆயில், எஸ்.ஏ.இ. 20. எளிதில் கிடைக்கவில்லை என்றால் உங்கள் எஞ்சினுக்கு ஊற்றுகிற 20-50 ஆயிலையே விடுங்கள், நம் ஊர் வெப்பத்துக்கு அது ஒத்துவரும். உள்ளே இருக்கும் தண்டின் வாய்க்கு மேல் அரை இஞ்ச் நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பிஸ்டன் துள்ளி ஏறாமல் இந்த ஆயில்தான் நிதானப்படுத்துகிறது, அந்த ஒரு கணம் கலவை செழிப்பாகி வண்டி இழுக்கிறது. பத்மினியின் பம்ப் செய்கிற வேலையை இதில் ஆயில் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் ஆயில் மிக மெல்லியது. ஆயிலே இல்லாமல் ஓட்டினால் அழுத்தும்போதெல்லாம் திணறும்.

கேள்வி: மூன்று மாதம் நின்ற அம்பாசடரை எடுத்தேன். ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிகிறது. எஸ்.யூ. கார்புரேட்டர், போன வருடம்தான் ரீபில்ட் செய்தது. எல்லோரும் எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பெரும்பாலும் உண்மைதான், ஆனால் எப்படி என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும். எத்தனால் பழைய டேங்கிலும் பைப்பிலும் படிந்திருக்கும் பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். அந்தத் துணுக்கு ஒன்று நீடில் வால்வின் அடியில் மாட்டினால் வால்வு மூடாது, கிண்ணம் வழியும். கூடவே எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி வெள்ளை வெள்ளையாக அரிப்பை உண்டாக்கும். பழைய ரப்பரும் கார்க்கும் ஊதும், பிறகு வெடிக்கும்.

கிண்ணத்தைத் திறந்து கழுவுங்கள். ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது மிதக்காது, மாற்ற வேண்டும். நீடில் வால்வை நுனியில் விட்டான் ரப்பர் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். நைலான் ஃப்ளோட் என்றால் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டுக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி லிவரை வளைக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஹோஸின் மேலேயே ‘ஆர்9’ என்று அச்சிட்டிருப்பது எத்தனாலைத் தாங்கும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஃபில்டர் போடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று கலவை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பழைய செட்டிங்கில் ஓட்டினால் கலவை மெலிந்துவிடும், எஞ்சின் சூடேறும், இழுவை குறையும். எஸ்.யூ.வில் இதற்கு வழி சுலபம். ஜெட் நட்டை ஒன்றிரண்டு பட்டை இறக்கிப் பின்னைத் தூக்கிச் சோதித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பெட்ரோல் பைப்பைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டுக் கிண்ணம் காலியாகும்வரை எஞ்சினை ஓட விட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எங்கள் வீட்டில் நிற்கிறது. மெக்கானிக் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். கார்புரேட்டரை நானே கழற்றிப் பழகலாம் என்று நினைக்கிறேன். அண்ணன் “உனக்கு எதுக்கு இந்த வேலை” என்கிறான். முடியுமா ஐயா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக முடியும் அம்மா. அதுவும் பழகுவதற்கு ஹெரால்டைவிட நல்ல வண்டி கிடையாது. சென்னையிலேயே செய்த கார், முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து முழுவதுமாகக் கவிழ்ந்து திறக்கும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். அதில் இருப்பதும் சோலெக்ஸ்தான், மதுரைக்காரருக்குச் சொன்ன ஜெட், கண்ணாடித் தட்டு விஷயங்கள் உங்களுக்கும் பொருந்தும்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வெளிக்காற்று வரும் இடமாக இருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ பூஜை விளக்கோ வேண்டாம், ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். இஞ்ச் அளவு ஸ்பானர் வேண்டும், மில்லிமீட்டர் ஸ்பானர் நட்டின் முனையை மழுக்கிவிடும். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம். கழற்றியதை வெள்ளைத் துணி விரித்த தட்டில் வரிசையாக வையுங்கள், பழைய தோசைத்தட்டே போதும், விளிம்பு இருப்பதால் ஸ்பிரிங்கும் குண்டும் உருண்டு ஓடாது. சின்னக் குண்டு ஒன்று உள்ளிருந்து விழலாம், எந்தத் துளையிலிருந்து விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும்.

ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை உள்ளே மெதுவாகத் திருகி அடி தட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றரை என்றால் ஒன்றரை. திரும்பப் பூட்டும்போது அதே இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அடி தட்டியபின் இறுக்கிவிடாதீர்கள், நுனியில் வளையம் விழுந்துவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு, இன்று சாயந்திரமே, பானெட்டைத் திறந்து ஸ்பிண்டிலின் இரு முனையையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இருந்தால் உடலை மட்டும் எந்த மாதிரி லேத் பட்டறைக்கு எடுத்துப் போவது, அங்கே என்ன சொல்லிக் கொடுப்பது என்று அடுத்த இதழில் உங்களுக்கு விவரமாக எழுதுகிறேன்.